அணுவுக்கும் உண்டு காது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நோய் எதிர்ப்புச் சக்தி என்றாலே நம்மவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வருகிறது. அது கூட வேண்டும்! கஷாயமோ மாத்திரையோ டின்னில் அடைத்த மாவோ, "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று மேலே அச்சடித்திருந்தால் போதும், விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம். ஆனால் அதே சக்தியை அடக்கி வைப்பதற்காகக் காலையிலும் இரவிலும் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை விழுங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் அவர்கள்.

சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலும் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து இன்று வரை இந்த நோயாளிகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சிறுநீரகம் வைத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. உடம்பு இன்னுமா பழகவில்லை? எதற்கு இந்த மருந்து?"

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுவின் மேற்பரப்பில் முளைக்கும் ஒரு "காது" பற்றித் தெரிந்துகொண்டால் அந்தப் பதில் விளங்கிவிடும்.

பேசும் புரதம், கேட்கும் புரதம்

நம் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்கள் தனித்தனியாகச் சண்டை போடுவதில்லை. ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் சின்னஞ்சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். "பெருகு" என்பது ஒரு செய்தி. "இங்கே வா" என்பது இன்னொன்று. "போதும், நிறுத்து" என்பதும் ஒரு செய்திதான்.

செய்தி வந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்பதற்குக் காது வேண்டாமா? அணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள்தான் அந்தக் காதுகள். ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் அதற்குப் பொருந்துகிற ஏற்பி உண்டு. ஏற்பி இல்லாத அணுவின் பக்கத்தில் எவ்வளவு சைட்டோகைன் மிதந்தாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம் இருக்கிறது. மனிதனின் காது பிறந்தது முதல் அப்படியே இருக்கிறது. வெள்ளை அணுவின் காது அப்படியில்லை. தேவைப்படும்போது முளைக்கும், வேலை முடிந்ததும் மறையும். எப்போது முளைக்க வேண்டும், எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும், எப்போது அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அணுவுக்குள்ளே ஓடும் சமிக்ஞைப் பாதைகள். அந்தப் பாதைகளில் எங்கே கை வைப்பது என்று கண்டுபிடித்ததுதான் உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் வெற்றிக் கதை.

மூன்று துண்டுகள் சேர்ந்த காது

எத்தனையோ சைட்டோகைன்கள் இருந்தாலும் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் இண்டர்லூக்கின்-2. "டி அணுக்கள்" என்று சொல்லப்படும் வெள்ளை அணுக்களைப் பெருகச் செய்கிற பொருள் ஒன்று இருக்கிறது என்பதை 1976ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதற்கு 1979இல் சூட்டப்பட்ட பெயர்தான் இண்டர்லூக்கின்-2.

இதைக் கேட்கும் காது மூன்று துண்டுகளால் ஆனது. ஆல்ஃபா, பீட்டா, காமா. ஓய்வாகச் சுற்றிக்கொண்டிருக்கும் டி அணுவில் பீட்டாவும் காமாவும் மட்டும் கொஞ்சம் இருக்கும். அப்போது காது மந்தம். சுற்றிலும் இண்டர்லூக்கின்-2 நிறைய இருந்தால்தான் அதற்குக் கேட்கும். மூன்றாவது துண்டான ஆல்ஃபாவும் வந்து சேர்ந்துவிட்டால் அந்தப் பிடிப்பு ஏறக்குறைய 100 மடங்கு இறுகிவிடுகிறது. முன்பு உரக்கக் கத்தினால்தான் கேட்டது. இப்போது கிசுகிசுத்தாலும் கேட்கும்.

ஆகவே அந்த ஆல்ஃபா துண்டு எப்போது வருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

காது முளைப்பது எப்படி?

மாற்றுச் சிறுநீரகம் ஒன்று உடலுக்குள் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அணுக்களின் மேல் இருக்கும் அடையாளங்கள் உடலின் சொந்த அடையாளங்களோடு பொருந்துவதில்லை. 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பாஸ்டனில், டாக்டர் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமலேயே வெற்றி பெற்றது. காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் அச்சு அசலான இரட்டையர்கள். அடையாளம் ஒன்றாக இருந்ததால் சண்டைக்கு இடமே இல்லாமல் போனது. மற்ற எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

அந்நிய அடையாளத்தைக் கண்ட டி அணுவுக்குள் என்ன நடக்கிறது? முதலில் கால்சியத்தின் அளவு சட்டென்று ஏறுகிறது. அது கால்சினியூரின் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. கால்சினியூரின், என்ஃபாட் என்ற இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் பூட்டுகளைக் கழற்றிவிடுகிறது. பூட்டு கழன்ற என்ஃபாட் நேராக அணுவின் கருவுக்குள் நுழைந்து, மற்றப் புரதங்களின் துணையோடு மரபணுக்களை இயக்குகிறது. அப்படி இயங்குகிற மரபணுக்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, இண்டர்லூக்கின்-2ஐத் தயாரிக்கும் மரபணு. மற்றொன்று, அதைக் கேட்பதற்கான ஆல்ஃபா துண்டைத் தயாரிக்கும் மரபணு.

அதாவது, எதிரியைக் கண்ட அணு வாயையும் காதையும் ஒரே நேரத்தில் திறக்கிறது!

எதிரியைக் காணாத மற்ற டி அணுக்களுக்கு அந்தக் கூர்மையான காது முளைப்பதில்லை. அதனால்தான் ஒரு கிருமி வந்தால் அந்தக் கிருமியை அடையாளம் கண்ட அணுக்கள் மட்டும் பெருகுகின்றன. எல்லா அணுக்களும் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிட்டால் உடம்பு தாங்குமா?

கேட்ட பிறகு என்ன?

இண்டர்லூக்கின்-2 வந்து பொருந்தியதும் பீட்டாவும் காமாவும் நெருங்கி வருகின்றன. அணுவின் உட்புறத்தில் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஜேக்-1, ஜேக்-3 என்ற நொதிகள் விழித்துக்கொள்கின்றன. ஜேக் என்பது ஜேனஸ் கைனேஸ் என்பதன் சுருக்கம். ஜேனஸ் என்பவர் ரோமானியர்களின் இரட்டை முகக் கடவுள். இந்த நொதியிலும் ஒன்றைப் போலவே தோன்றும் இரு பகுதிகள் இருப்பதால் அந்தப் பெயர். இவை ஸ்டாட்-5 என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் முத்திரை குத்துகின்றன. முத்திரை பெற்ற ஸ்டாட்-5 இரண்டிரண்டாகக் கைகோத்துக் கருவுக்குள் செல்கிறது. இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது.

உள்ளே போன ஸ்டாட்-5 செய்யும் வேலைகளில் ஒன்று, ஆல்ஃபா துண்டின் மரபணுவை மேலும் இயக்குவது. கேட்கக் கேட்கக் காது கூர்மையாகிறது. இன்னொரு பக்கம் எம்டோர் என்ற புரதத்தின் வழியாக "வளர், இரண்டாகப் பிரி" என்ற கட்டளையும் போகிறது.

இப்படியே போனால் எங்கே போய் முடியும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அணுவுக்கும் பொருந்தும். ஆகவே கேட்டதைக் குறைக்கும் ஏற்பாடும் கூடவே இருக்கிறது. செய்தியைப் பிடித்த ஏற்பி சுமார் கால் மணி நேரத்தில் அணுவுக்குள் விழுங்கப்படுகிறது. பீட்டாவும் காமாவும் உள்ளேயே அழிக்கப்பட, ஆல்ஃபா மட்டும் மறுபடியும் மேலே அனுப்பப்படுகிறது. அதோடு, ஸ்டாட் புரதங்கள் தங்கள் வாயைத் தாங்களே கட்டுகிற ஒரு காரியத்தையும் செய்கின்றன. சாக்ஸ் என்ற புரத வகையை உண்டாக்கச் சொல்லி ஆணையிடுகின்றன. அவை வந்து ஜேக் நொதியின் வேலையைத் தடுக்கின்றன. இந்தத் தடுப்புப் புரதத்தை 1997ஆம் ஆண்டில் மெல்பர்னில் ஒரு குழுவும் ஜப்பானில் இரு குழுக்களும் தனித்தனியே கண்டுபிடித்து அறிவித்தன.

முடுக்கும் பாதையிலேயே தடையும் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நியச் சிறுநீரகம் உடலுக்குள் இருக்கும் வரை, முடுக்குகிற கால் ஓய்வதில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு தடை தேவைப்படுகிறது.

மூன்று மண், மூன்று மருந்து

அந்தத் தடைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? மண்ணிலிருந்து!

1969ஆம் ஆண்டில் சாண்டோஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நோர்வே சென்றபோது ஹார்டாங்கர் பீடபூமியில் கொஞ்சம் மண்ணை எடுத்து வந்தார். அதிலிருந்த பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள்தான் சைக்ளோஸ்போரின். எதிர்ப்பாற்றலை அடக்கும் அதன் குணம் 1972இல் தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கால்ன் 1978இல் சிறுநீரக நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 1983இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து இன்னொரு மருந்து கிடைத்தது. அதுதான் டாக்ரோலிமஸ். பெயரின் முதல் எழுத்தே அந்த ஊரைக் குறிக்கிறது.

மூன்றாவது மண் பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவிலிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற கனடிய ஆய்வுக் குழு மண் மாதிரிகளைச் சேகரித்தது. மாண்ட்ரியலில் பணியாற்றிய, இந்தியாவில் படித்த விஞ்ஞானி சுரேன் சேகல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் சொந்தப் பெயரான ராபா நூய் என்பதை வைத்து அதற்கு ராபமைசின் என்று பெயரிடப்பட்டது. 1980களில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. அந்த ஆராய்ச்சி அநாதையாகிவிடக் கூடாது என்று சேகல் மாதிரியைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து வைத்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1999இல் சிறுநீரக நோயாளிகளுக்கான மருந்தாக அது அனுமதி பெற்றது.

மூன்றும் ஒரே பாதையில்தான் வேலை செய்கின்றன. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கால்சினியூரினைத் தடுக்கின்றன. அதனால் என்ஃபாட்டின் பூட்டு கழல்வதில்லை. வாயும் திறப்பதில்லை, காதும் சரியாக முளைப்பதில்லை. ராபமைசின் காதைத் தொடுவதில்லை. செய்தி கேட்ட பிறகு "பிரி" என்ற கட்டளை போகும் எம்டோர் வழியை அடைக்கிறது. டாக்ரோலிமஸும் ராபமைசினும் அணுவுக்குள் ஒரே புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆனாலும் அவை போய் அடைக்கும் வழிகள் வேறு வேறு.

இவை தவிர, காதையே நேரடியாகப் பொத்தும் மருந்தும் உண்டு. 1998இல் அனுமதிக்கப்பட்ட பாசிலிக்சிமாப் என்ற ஊசி ஆல்ஃபா துண்டின் மேல் உட்கார்ந்து இண்டர்லூக்கின்-2 நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை நாளில் ஒன்று, நான்காவது நாளில் ஒன்று என இரண்டு முறை கொடுத்தால், ஆபத்து மிகுந்த முதல் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

காது இல்லாமல் பிறந்தால்?

காதைப் பொத்துவது நல்லது என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 1971ஆம் ஆண்டில் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனின் கதையைப் பலர் படித்திருப்பார்கள். கிருமி எதையும் எதிர்க்க முடியாத உடல். பிறந்த சில நொடிகளில் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைக்கப்பட்டான். பெற்ற தாய் கையுறை வழியாகத்தான் அவனைத் தொட முடிந்தது. 1983இல் அவனுடைய அக்காவின் எலும்பு மஜ்ஜை செலுத்தப்பட்டது. அதில் மறைந்திருந்த ஒரு கிருமி புற்றுநோயாக மாறியதால் 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில், 12 வயதில், அவன் காலமானான்.

அந்த நோயின் காரணம் 1993இல்தான் தெரிந்தது. காதின் மூன்று துண்டுகளில் ஒன்றான காமாவின் மரபணுவில் பழுது. அந்தத் துண்டு இண்டர்லூக்கின்-2க்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆறு சைட்டோகைன்களின் காதுகளுக்கு அது பொது. ஆகவே அது பழுதானால் டி அணுக்கள் உருவாவதே நின்றுபோகிறது. 1995இல் காமாவோடு ஒட்டியிருக்கும் ஜேக்-3 பழுதானாலும் அதே நோய் வரும் என்று தெரிந்தது.

ஒரு குடும்பத்தின் துயரம் வேறு நோயாளிகளுக்கு வழி காட்டியது. ஜேக்-3 இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால், அதை மருந்தால் ஓரளவு மட்டும் தடுத்தால் மிதமிஞ்சிய எதிர்ப்பை அடக்கலாம் அல்லவா? அந்தச் சிந்தனையில் பிறந்த டோஃபாசிடினிப் மாத்திரை 2012இல் முடக்குவாத நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அமைதி காக்கும் அணுக்கள்

இன்னொரு திருப்பமும் இந்தக் கதையில் உண்டு. ஆல்ஃபா துண்டை எப்போதும் சூடியிருக்கும் ஒரு வகை டி அணுக்களை ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டினார். அவை சண்டைக்குப் போவதில்லை, சண்டையை அடக்குகின்றன. இண்டர்லூக்கின்-2ஐத் தாங்களாகத் தயாரிப்பதும் இல்லை. மற்ற அணுக்கள் விடுவதை அந்தக் கூர்மையான காதால் உறிஞ்சிக்கொள்கின்றன. பக்கத்தில் இருப்பவற்றுக்கு மிச்சம் குறைவு. இந்தக் காவலர்களை உருவாக்கும் மரபணுவை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரின் ஆய்வு 2001இல் வெளிப்படுத்தியது. மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால்தான் ஒரே இண்டர்லூக்கின்-2 இரண்டு விதமாக வேலை செய்கிறது. பெரிய அளவில் செலுத்தினால் மந்தக் காது உள்ள போர் அணுக்களுக்கும் கேட்டுவிடும். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அப்படித்தான் அனுமதி கிடைத்தது. பக்க விளைவுகளும் கடுமையாக இருந்தன. மிகச் சிறிய அளவில் கொடுத்தால் கூர்மையான காது உள்ள அமைதி அணுக்களுக்கு மட்டுமே முக்கியமாகக் கேட்கும். சொல் ஒன்றுதான். யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்தே பலன் மாறுகிறது.

அப்படியானால் மாத்திரை?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். பத்து வருஷம் ஆகியும் உடம்பு ஏன் பழகவில்லை?

மருந்து டி அணுக்களைக் கொன்றுவிடவில்லை. அந்நியச் சிறுநீரகத்தை அவை "நம்முடையது" என்று ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கால்சினியூரின் என்ற கதவை மருந்து பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் கதவு திறக்கும், என்ஃபாட் உள்ளே போகும், காது முளைக்கும். பத்து வருஷத்துக்கு முன் நடந்திருக்க வேண்டிய சண்டை இன்றைக்குத் தொடங்கும். அது தொடங்குவது நோயாளிக்குத் தெரியவும் தெரியாது. வலி இருக்காது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறும்போதுதான் தெரியவரும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல முடிவதே அந்த மாத்திரையின் தயவால்தான்.

அளவு கூடினாலும் ஆபத்து உண்டு. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் அதிகமானால் காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே பாதிக்கும். கை நடுக்கம், ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவையும் வரலாம். எதிர்ப்பு மிகவும் அடங்கிப்போனால் சாதாரணக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் காலை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். "மாத்திரையைப் போட்டுவிட்டு வராதீர்கள்" என்று மருத்துவமனையில் சொல்வதன் காரணம் இதுதான்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். சீனப் பெருநாள் வந்துவிட்டால் தம்பூன் பம்ளிமாஸ் பழம் வீட்டுக்கு வீடு வரும். லிமாவ் பாலி என்று நாம் வாங்குகிற அதே பழம்தான். பம்ளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் இந்த மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடும். மற்றவர்களுக்கு அமிர்தம், இவர்களுக்கு வேண்டாம். சில மூலிகைகள் இதற்கு நேர்மாறாகச் செய்யும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அறிக்கையின்படி, சூரிச் நகரில் இதய மாற்றுச் சிகிச்சை பெற்ற இருவர், மனச்சோர்வுக்குச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சாப்பிட்டார்கள். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்தது. உடல் இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்திய பிறகே நிலைமை சீரானது. அந்த மூலிகை இதயத்தை ஒன்றும் செய்யவில்லை. மருந்து பிடித்திருந்த கதவைத்தான் திறந்துவிட்டது.

ஆகவே, மாற்று உறுப்புடன் வாழும் உறவினருக்கு "எதிர்ப்புச் சக்தி கூடும், சாப்பிடு" என்று அன்போடு எதையாவது வாங்கிக் கொடுப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேட்கிற விஷயமல்ல அது. வெளியூர்ப் பயணம் போனால் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிட வேண்டாம்.

மாற்றுச் சிறுநீரகம் எளிதில் கிடைக்கும் பொருளல்ல. யாரோ ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருப்பார். அல்லது ஒரு குடும்பம் தன் துக்கத்தின் நடுவிலும் கொடுத்திருக்கும். இன்னொருவர் அதே சிறுநீரகத்துக்காக டயாலிசிஸ் நாற்காலியில் காத்திருந்திருப்பார். அப்படி வந்த சிறுநீரகத்தைக் காப்பது காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்ற அந்தச் சிறிய ஒழுங்கு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு அவரிடம் மறக்காமல் கேளுங்கள்: "மாத்திரை போட்டாச்சா?"